ஆங்கிலத்தில் நடையைக் குறிக்கும் வினைகளும் அவற்றின் தமிழாக்கமும்

ஆய்வுச்சுருக்கம்

நடத்தல் என்னும் ஒரே செயலின் பல்வேறு பாங்குகளைத் தனித்தனி வினைச்சொற்களால் குறிக்கும் இயல்புடையது ஆங்கிலம். அவ்வினைகளுள் பல நடையின் பாங்கை மட்டுமன்றி, நடப்பவரைப் பற்றிய மதிப்பீட்டையும் தம்முள் கொண்டுள்ளன. அவற்றைத் தமிழாக்கும்போது எல்லாவற்றையும் ‘நட’ என்னும் வினையில் அடக்குவதும், ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று நிகரன் தேடுவதும் பொருளிழப்புக்கு இடந்தருகின்றன. ஆங்கிலம் வினையடியில் வைக்கும் பாங்கைத் தமிழ் வினையெச்சத்திலும் அடுக்கிலும் இரட்டைக்கிளவியிலும் தொகைச்சொல்லிலும் வைக்கிறது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. பாங்கைக் காட்டிலும் மதிப்பீட்டை மொழிபெயர்ப்பதே கடினமானது என்பதும் இங்கு எடுத்துக்காட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: நடைவினை, பாங்கு, செல்திசை, இரட்டைக்கிளவி, வினையெச்சம், மொழிபெயர்ப்பு

முன்னுரை

இரு கால்களால் மாறி மாறி அடிவைத்து இடம்பெயர்தல் மனிதர் அனைவர்க்கும் பொதுவான செயல். ஆயினும் அச்செயலை மொழிகள் ஒரே வகையில் பகுத்துப் பெயரிடுவதில்லை. அமெரிக்க மொழியியலார் பெத் லெவின் 1993இல் வெளியிட்ட ஆங்கில வினை வகைகள் பற்றிய நூலில், ஓட்டம், நடை முதலிய இயக்கப் பாங்குகளைக் குறிக்கும் வினைகளை ஒரு தனி வகையாகத் தொகுத்துள்ளார். அவ்வகையில் நூற்றுக்கும் மேற்பட்ட வினைகள் உள்ளன. அவற்றுள் கணிசமானவை நடையைக் குறிப்பன.

இவ்வளம் தமிழில் மொழிபெயர்ப்போர்க்கும், ஆங்கிலம் கற்கும் தமிழ் மாணவர்க்கும் ஒரு சிக்கலை ஏற்படுத்துகிறது. ஒரு புதினத்தில் ஒருவர் ‘ஸ்ட்ரட்’ செய்து வருகிறார். மற்றொருவர் ‘ஷஃபிள்’ செய்து போகிறார். இரண்டையும் ‘நடந்தார்’ என்று பெயர்த்தால் கதை நகர்கிறது. ஆனால் பாத்திரங்கள் தம் தனித்தன்மையை இழக்கின்றன. இவ்விழப்பைக் கண்டோர் சிலர், நடையைக் குறிக்கத் தமிழில் போதிய சொற்கள் இல்லை என்னும் முடிவுக்கு வருகின்றனர். அம்முடிவு வினையடிகளை மட்டும் எண்ணிப் பார்ப்பதால் விளைவது. பாங்கைக் குறிக்கும் வளம் தமிழில் வேறிடத்தில் உள்ளது. அவ்விடம் எது என்பதையும், ஆங்கிலச் சொல்லிலிருந்து அவ்விடத்துக்குப் பொருளைக் கொண்டுசெல்லும்போது கருதவேண்டுவன எவை என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது. ஆங்கிலச் சொற்கள் அவற்றின் ஒலிப்பை ஒட்டித் தமிழ் எழுத்தில் தரப்படுகின்றன.

1. பொதுச்சொல்லின் வரலாறு

ஆங்கிலத்தில் நடத்தலுக்கு இன்று பொதுச்சொல்லாக விளங்குவது ‘வாக்’. பழைய ஆங்கிலத்தில் இதன் மூலச்சொல்லுக்கு நடத்தல் என்னும் பொருள் இருந்ததில்லை. உருளுதல், புரளுதல், அலைவுறுதல் என்பனவே அதன் பொருள்கள். காலால் நடத்தல் என்னும் பொருள் இடைக்கால ஆங்கிலத்தில்தான் நிலைபெற்றது. நெய்த கம்பளித் துணியை நீரிலிட்டு மிதித்து இறுகச் செய்யும் தொழிலாளிக்கு ‘வாக்கர்’ என்று பெயர். இன்று ஆங்கிலேயரிடையே வழங்கும் ‘வாக்கர்’ என்னும் குடும்பப்பெயர் அத்தொழிலின் எச்சமாகும். அப்பெயருக்கு ‘நடப்பவர்’ என்று பொருள் கொள்வது பிழை.

தமிழின் ‘நட’ இதினின்று வேறுபட்ட வரலாறு உடையது. நடை, நடத்தை, நடப்பு, நடவடிக்கை என அது ஒழுக்கத்தையும் நிகழ்ச்சியையும் தழுவி விரிகிறது. எழுத்தாளரின் மொழிப்பாங்கும் ‘நடை’ எனப்படுகிறது. சங்க இலக்கியத்தில் ‘ஒதுங்கு’ என்னும் வினையும் நடத்தலைக் குறித்தது. ‘ஒதுக்கம்’ நடையைக் குறித்தது. இன்று அவ்வினை விலகிநிற்றல் என்னும் பொருளிலேயே வழங்குகிறது. உலவு, திரி, அலை, தவழ், ஊர், பதுங்கு, நொண்டு, தள்ளாடு என்பன பாங்கை உள்ளடக்கிய தமிழ் வினைகளாக இன்றும் வழங்குகின்றன. எனவே பாங்கு வினைகள் தமிழில் அறவே இல்லை என்று கூற இயலாது. அவை எண்ணிக்கையில் குறைவு என்பதே உண்மை.

2. சொற்கள் வந்த வழிகள்

ஆங்கில நடைவினைகள் ஒரே மூலத்தில் தோன்றியவை அல்ல. அவற்றின் பிறப்பிடங்களை அறிவது, அவை ஏந்திநிற்கும் குறிப்புப் பொருளை அறியத் துணைசெய்யும்.

2.1 குதிரையின் நடை

பதற்றமின்றி இயல்பாக நடத்தலைக் குறிக்கும் ‘ஆம்பிள்’ இலத்தீனில் தோன்றிப் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ஆங்கிலத்தில் அது முதலில் குதிரையின் ஒருவகை மெல்லிய நடையையே குறித்தது. ஒருபக்கத்து முன்காலும் பின்காலும் சேர்ந்து எழும் அந்நடை, மேலே அமர்ந்திருப்பவரைக் குலுக்காது. மனிதரின் அலுங்காத நடைக்கு அச்சொல் பின்னரே வந்தது. குறுநடையாக விரைதலைக் குறிக்கும் ‘ட்ராட்’, துள்ளி நடத்தலைக் குறிக்கும் ‘பிரான்ஸ்’ ஆகியனவும் குதிரைக்கு உரியவையாக வழங்கி மனிதருக்கு ஆனவை. குதிரையேற்றம் அன்றாட வாழ்வில் பெற்றிருந்த இடம் இச்சொற்களில் பதிந்துள்ளது.

2.2 திருத்தலப் பயணம்

நடைச்சொற்களைத் திருத்தலப் பயணத்தோடு இணைக்கும் விளக்கங்கள் ஆங்கிலத்தில் பல உண்டு. அமெரிக்க எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ, 1862இல் வெளிவந்த நடை பற்றிய தம் கட்டுரையில், ‘சாண்டர்’ என்னும் வினையைப் புனித நாட்டைக் குறிக்கும் பிரெஞ்சுத் தொடரோடு தொடர்புபடுத்தினார். புனித நாட்டுக்குப் போவதாகக் கூறிக்கொண்டு ஊர் ஊராகத் திரிந்தோரின் பெயரிலிருந்து அச்சொல் பிறந்தது என்பது அவ்விளக்கம். அதுபோலவே ‘ரோம்’ என்னும் அலைதல் வினையை ரோமாபுரிப் பயணத்தோடு இணைப்பாரும் உளர். இவ்விரண்டையும் சொற்பிறப்பியலார் ஏற்பதில்லை. அதேவேளையில், குதிரையின் மிதமான ஓட்டத்தைக் குறிக்கும் ‘கேண்டர்’, கேண்டர்பரி என்னும் ஊரை நாடிச் சென்ற பயணிகளின் குதிரையோட்டத்திலிருந்து வந்தது என்பது ஏற்கப்பட்ட கருத்து. மூன்றனுள் ஒன்று வரலாறு. ஏனைய இரண்டும் மக்கள் வழக்கில் எழுந்த விளக்கங்கள். கற்பிப்போர் இவ்வேறுபாட்டைச் சுட்டுதல் வேண்டும்.

2.3 வறியோர் நடையும் வசதியுள்ளோர் நடையும்

இன்று மாலைநேரத்து இன்ப உலாவைக் குறிக்கும் ‘ஸ்ட்ரோல்’, பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் வீடற்று அலைதலைக் குறித்தது. ஊர் ஊராகச் சென்று நடித்த நாடகக் கலைஞர் இச்சொல்லின் அடியாகவே பெயர் பெற்றனர். அத்தகையோர் மீதான சமூக நோக்கு கடுமையானது. இங்கிலாந்தின் 1572ஆம் ஆண்டுச் சட்டம், உயர்குடிப் புரவலரைப் பெறாத நடிகர்களை நாடோடிகளோடு சேர்த்துத் தண்டனைக்கு உரியவராக்கியது. ஓங்கி மிதித்து நடத்தலைக் குறித்த ‘ட்ராம்ப்’ என்னும் சொல், பெயர்ச்சொல்லாகும்போது வீடற்ற நாடோடியைக் குறிப்பதும் இதனோடு ஒப்பிடத்தக்கது. நடையைத் தவிர வேறு வழியற்றோர் நடந்த காலத்தில் நடைச்சொற்கள் இழிவுக்குறிப்புப் பெற்றன. வசதியுள்ளோர் விரும்பி நடக்கத் தொடங்கியபோது அவற்றுள் சில இன்பக்குறிப்புப் பெற்றன.

‘ராம்பிள்’ என்னும் சொல் இவ்வகையில் தனிக்கவனத்துக்கு உரியது. இலக்கின்றித் திரிதலைக் குறித்த அச்சொல், இங்கிலாந்தில் நாட்டுப்புற வெளிகளில் நடந்து மகிழ்வோரின் பெயரானது. 1932 ஏப்ரல் 24 அன்று, டெர்பிஷயரிலுள்ள கிண்டர் ஸ்கௌட் மேட்டுநிலத்தில், தனியார் வேட்டைக்காக அடைக்கப்பட்டிருந்த நிலத்துள் தொழிலாளர் பலர் திரளாக நுழைந்து நடந்தனர். சிலர் சிறை சென்றனர். 1935இல் நடையாளர் சங்கம் ஒன்று இச்சொல்லையே பெயராகக் கொண்டு நாடளாவிய அளவில் அமைந்தது. 1949ஆம் ஆண்டின் தேசியப் பூங்காச் சட்டமும், திறந்த வெளிகளில் நடக்கும் உரிமையை வழங்கிய 2000ஆம் ஆண்டுச் சட்டமும் இவ்வுரிமைக் கோரிக்கையின் தொடர்ச்சியாகக் கருதப்படுகின்றன. எனவே ஆங்கிலேயர் ஒருவர் தம்மை ‘ராம்பிளர்’ என்று கூறிக்கொள்ளும்போது, அதனை ‘ஊர்சுற்றி’ என்று தமிழாக்கினால் ஒரு சமூக இயக்கத்தின் பெயர் வசைச்சொல்லாகிவிடும்.

2.4 படையும் வண்டியும் வீதியும்

ஒழுங்குற அணிவகுத்து நடத்தலைக் குறிக்கும் ‘மார்ச்’ பிரெஞ்சிலிருந்து வந்த சொல். நெடிய, கடினமான பயணத்தைக் குறிக்கும் ‘ட்ரெக்’ தென்னாப்பிரிக்காவில் டச்சு வழிவந்தோரின் மொழியிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் புகுந்தது. இழுத்தல் என்பது அதன் அடிப்பொருள்; காளைகள் இழுத்த வண்டிகளில் சென்ற பயணத்தை அது குறித்தது. இன்று மலையேற்றக்காரர் அதனைக் கால்நடைப் பயணத்துக்கு வழங்குகின்றனர். மோட்டார் வண்டிகள் பெருகிய இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ‘ஜேவாக்’ என்னும் சொல் எழுந்தது. நகர வழக்கம் அறியாத நாட்டுப்புறத்தானைக் கேலிசெய்யும் ‘ஜே’ என்னும் சொல் அதன் முதற்பகுதி. விதியை மதியாமல் சாலையைக் கடப்பவர் அச்சொல்லால் அறியாமை உடையவராகச் சித்திரிக்கப்பட்டார். வீதி யாருக்கு உரியது என்னும் வினாவுக்கு ஒரு சார்பான விடையை அச்சொல்லே தந்துவிடுகிறது.

3. ஒலியும் குறிப்பும்

ஆங்கில நடைவினைகளின் பிறிதொரு மூலம் ஒலிக்குறிப்பு. ‘ட்ர்’ என்னும் ஒலிச்சேர்க்கையில் தொடங்கும் ட்ராம்ப், ட்ரெட், ட்ரட்ஜ், ட்ராட், ட்ரெய்ப்ஸ் ஆகிய சொற்கள் காலடியைச் சார்ந்த பொருளில் ஒன்றுபடுகின்றன. ‘ஸ்ல்’ என்று தொடங்கும் ஸ்லிங்க், ஸ்லைட், ஸ்லிதர், ஸ்லிப் ஆகியன வழுக்கி நகர்தல், நழுவுதல் என்னும் பொருட்சாயல் கொண்டுள்ளன. இவை அனைத்தும் ஒரே வேரில் பிறந்தவை அல்ல. ஆயினும் ஒலி ஒப்புமையால் பொருளிலும் நெருங்கி நிற்கின்றன. இவ்வாறு பொருட்சாயலைத் தாங்கும் ஒலிச்சேர்க்கைகளுக்கு ஆங்கில மொழியியலார் ஜே. ஆர். ஃபர்த் 1930இல் ஒரு கலைச்சொல்லை உருவாக்கினார். லூயிஸ் கரோல் 1871இல் தம் நூலில் படைத்த ‘கலம்ஃப்’ என்னும் சொல், வெற்றியையும் குதிரைப் பாய்ச்சலையும் குறிக்கும் இரு சொற்களின் ஒலிகளை இணைத்தது. பின்னர் அது தடதடவென்று பாங்கின்றி நடத்தலைக் குறிக்கும் வழக்குச்சொல்லாகவே அகராதிகளில் இடம்பெற்றது.

சொல்லின் இறுதியிலும் இத்தகைய குறிப்பு உண்டு. ‘வாடில்’, ‘ஹாபிள்’, ‘ஷஃபிள்’ ஆகியவற்றின் ஈறு, ஒரு செயல் திரும்பத் திரும்ப நிகழ்தலைக் காட்டுவது. நீரில் கால்வைத்து நடத்தலைக் குறிக்கும் ‘வேட்’ என்னும் வினையோடு அவ்வீறு சேர்ந்தே ‘வாடில்’ அமைந்தது. இன்றைய ஆங்கிலத்தில் அவ்வீறு புதிய சொற்களைத் தோற்றுவிக்கும் ஆற்றலைப் பெரிதும் இழந்துவிட்டது.

தமிழில் இதே பணியை அடுக்கு செய்கிறது. தத்தித் தத்தி, நொண்டி நொண்டி, தாங்கித் தாங்கி, தேய்த்துத் தேய்த்து, அசைந்து அசைந்து என வினையெச்சம் அடுக்கி வரும்போது செயலின் மீள்நிகழ்வு புலப்படுகிறது. ஆங்கிலத்தில் உறைந்துபோன ஈற்றுக்கு மாறாக, இவ்வடுக்கு இன்றும் எந்த வினையோடும் புதிதாக அமையக்கூடியது.

ஒலிக்குறிப்பைப் பொறுத்தவரை, தமிழின் இரட்டைக்கிளவி இங்கு முதன்மை பெறுகிறது. உரிச்சொற்கள் இசை, குறிப்பு, பண்பு ஆகியவற்றின் அடியாகத் தோன்றும் என்பது தொல்காப்பிய உரியியலின் கருத்து. இரட்டைக்கிளவி பிரித்து வழங்கப்படாது என்பதனைக் கிளவியாக்கம் கூறும். விறுவிறு, விடுவிடு, கிடுகிடு, குடுகுடு, தடதட, தபதப முதலியன ‘என’ என்னும் சொல்லோடு சேர்ந்து ‘நட’ என்னும் வினையைப் பாங்குபடுத்துகின்றன. ‘விறுவிறுவென நடந்தார்’ என்பதில் விரைவும் உறுதியும் உள்ளன. ‘குடுகுடுவென’ என்பதில் சிறுவரின் அல்லது முதியோரின் குற்றடி விரைவு உள்ளது. ‘லொங்குலொங்கென்று’ என்னும் பேச்சுவழக்கில் தொலைவும் களைப்பும் பயனின்மையும் ஒருங்கே உள்ளன. ஆங்கிலம் வினையடிக்குள் பூட்டிவைத்த இசையையும் குறிப்பையும் தமிழ் வினைக்கு வெளியே தனி உறுப்பாக வைத்துள்ளது. எனவே ஒப்பிட வேண்டுவது ஆங்கில வினையையும் தமிழ் வினையையும் அன்று. ஆங்கில வினையையும் தமிழின் முழு வினைத்தொடரையுமே ஆகும்.

4. பாங்கும் செல்திசையும்

இவ்வேறுபாட்டுக்கு ஓர் இலக்கண அடிப்படை உண்டு. அமெரிக்க மொழியியலார் லெனார்ட் டால்மி, இயக்கத்தைக் கூறும் முறையால் மொழிகளை இரு பெரும் வகைப்படுத்தினார். ஒருவகை மொழிகள் உள்ளே, வெளியே, மேலே, குறுக்கே என்னும் செல்திசையை வினைக்குத் துணையாகும் சிறுசொற்களில் வைக்கின்றன. அதனால் அவற்றின் முதன்மை வினை பாங்கைச் சுமக்க இடம் கிடைக்கிறது. ஆங்கிலமும் ஜெர்மனும் இவ்வகையின. மற்றொரு வகை மொழிகள் நுழை, வெளியேறு, கட, ஏறு, இறங்கு என்னும் முதன்மை வினைகளிலேயே செல்திசையை வைக்கின்றன. பாங்கைக் கூறவேண்டின் தனி உறுப்பு ஒன்று தேவைப்படுகிறது. ஸ்பானியமும் துருக்கியமும் இவ்வகையின. தமிழின் இயல்பும் பெரும்பாலும் இதனைச் சார்ந்ததே.

ரூத் பெர்மனும் டான் ஸ்லோபினும் 1994இல் வெளியிட்ட ஆய்வு இதனைக் கதைகூறலில் சோதித்தது. மெர்சர் மேயர் 1969இல் வரைந்த, காணாமற்போன தவளையைப் பற்றிய சொல்லற்ற படக்கதையை ஆங்கிலம், ஜெர்மன், ஸ்பானியம், ஹீப்ரூ, துருக்கியம் பேசும் சிறுவரும் பெரியோரும் தத்தம் மொழியில் கூறினர். முதல்வகை மொழியினர் பாங்கு வினைகளை மிகுதியாகக் கையாண்டனர். ஒரு மொழியில் எளிதாகச் சொல்லக்கூடியதை அம்மொழியினர் அடிக்கடி சொல்வர் என்பது ஸ்லோபின் கொண்ட முடிவின் சாரம்.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் காணலாம். முதியவர் ஒருவர் அறையின் குறுக்கே ஜன்னல் வரை சென்று திரும்புவதை ஆங்கிலம் ‘ஷஃபிள்’ என்னும் ஒரே வினையோடு, ‘குறுக்கே’, ‘வரை’, ‘திரும்ப’ என்னும் மூன்று துணைச்சொற்களைச் சேர்த்துக் கூறிவிடும். தமிழில் அது, ‘முதியவர் காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்து, அறையைக் கடந்து ஜன்னல்வரை போய்த் திரும்பினார்’ என விரியும். ஒவ்வொரு செல்திசைக்கும் ஒரு வினை தேவைப்படுகிறது. பாங்கு தொடக்கத்திலேயே எச்சமாக அமைகிறது.

இங்கு மொழிபெயர்ப்போர் எதிர்கொள்ளும் மற்றொரு நுட்பமும் உண்டு. ‘அவள் அறைக்குள் நடந்தாள்’ என்னும் தமிழ்த்தொடர், அறையினுள் இருந்தபடி அங்குமிங்கும் நடந்தாள் என்றே பொருள்படும். வெளியிலிருந்து உள்ளே சென்றாள் என்னும் பொருள் வேண்டின், ‘நடந்து வந்தாள்’ அல்லது ‘நடந்து போனாள்’ என்று துணைவினை சேர்க்கவேண்டும். அவ்விரண்டனுள் எதைத் தேர்வது என்பது, சொல்வோர் அறையின் உள்ளே நிற்கிறாரா வெளியே நிற்கிறாரா என்பதைப் பொறுத்தது. ஆங்கில மூலம் இவ்வினாவை எழுப்புவதே இல்லை. ஆகவே நடை பற்றிய ஓர் எளிய ஆங்கிலத் தொடரைத் தமிழாக்குவோர், மூலத்தில் இல்லாத ஒரு நோக்குநிலையைத் தாமே முடிவுசெய்ய வேண்டியவராகின்றனர். கதைசொல்லியின் இருப்பிடத்தை முன்கூட்டியே தெளிந்துகொள்ளாத மொழிபெயர்ப்பில், பக்கந்தோறும் ‘வந்தான்’, ‘போனான்’ என்பன தடுமாறுவதற்கு இதுவே காரணம்.

5. மதிப்பீட்டின் சிக்கல்

பாங்கு ஓரளவு விளக்கத்தால் கடத்தக்கது. மதிப்பீடு அவ்வாறன்று. ‘ஸ்ட்ரட்’ என்பது மார்பை நிமிர்த்திச் செருக்குடன் நடத்தல். ‘ஸ்வாகர்’ என்பது தோள்களை ஆட்டித் தன்னை மேம்படுத்திக் காட்டியபடி நடத்தல். 1590களில் ஷேக்ஸ்பியர் எழுதிய ‘நடுவேனில் இரவுக் கனவு’ நாடகத்திலேயே பின்னைய சொல் ஏளனக் குறிப்போடு வருகிறது. இவ்விரண்டிலும், நடப்பவர் தம்மை மதிப்பதைவிடக் காண்போர் அவரைக் குறைவாக மதிக்கின்றனர் என்னும் குறிப்பு உண்டு.

இவற்றைப் ‘பீடுநடை’ என்று தமிழாக்குவோர் உளர். உடல்நிலை ஒத்திருப்பினும் மதிப்பீடு தலைகீழாகிறது. திருக்குறளின் ‘வாழ்க்கைத் துணைநலம்’ என்னும் அதிகாரத்தில் ஏற்றின் நடையோடு ஒப்பிட்டுக் கூறப்படும் பீடுநடை, புகழ் காத்த இல்லறத்தால் விளையும் பெருமிதத்தைக் குறிப்பது. அதில் ஏளனம் இல்லை. வீறுநடை, ஏறுநடை, கம்பீரநடை என்பனவும் போற்றுதற் சொற்களே. ‘ஸ்ட்ரட்’ என்பதற்கு ‘நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மிடுக்குக் காட்டி நடந்தான்’ என்பதே நெருங்கியது. இதில் ‘காட்டி’ என்னும் எச்சம் போலித்தன்மையைச் சுட்டுகிறது.

விலங்கு, பறவை உவமைகளில் இவ்வேறுபாடு மேலும் கூர்மையடைகிறது. அன்னநடை, பிடிநடை, மயிலின் சாயல் ஆகியன தமிழ் மரபில் பெண்மையின் அழகைப் போற்றும் உவமைகள். ஆங்கிலத்தில் வாத்தினப் பறவையின் நடை ‘வாடில்’ எனப்பட்டு உருண்ட உடலின் அவலட்சணத்தைக் குறிக்கிறது. யானையின் நடை, ‘லம்பர்’ என்னும் வினையோடு சேர்த்து எண்ணப்பட்டு, பருமனையும் மந்தத்தையும் குறிக்கிறது. மயில் வீண்பெருமையின் உருவகமாகிறது. ஆங்கிலப் புதினம் ஒன்றில் ‘வாடில்’ செய்து வரும் பெண்ணை ‘அன்னநடை நடந்து வந்தாள்’ என்று பெயர்த்தால் நிந்தை புகழாகிவிடும். ‘வாத்துநடை’ என்னும் வழக்கே பொருந்தும். மறுதலையாக, தமிழ்க் கவிதையின் பிடிநடையை ஆங்கிலமாக்குவோர் யானை என்னும் சொல்லை அப்படியே வைத்தால் பாட்டுடைத் தலைவி நகைப்புக்கு இடமாவாள். ஒரே விலங்கைக் கண்ட இரு மரபுகள், அதன் நடையில் வெவ்வேறு பண்புகளைத் தேர்ந்துகொண்டன. தமிழ் மரபு யானையின் அவசரமின்மையையும் அசைவொழுங்கையும் கண்டது. ஆங்கில மரபு அதன் எடையைக் கண்டது.

குற்றடி வைத்துச் செயற்கை நளினத்துடன் நடத்தலைக் குறிக்கும் ‘மின்ஸ்’ என்பதும் இத்தகையதே. ‘ஒயிலாக நடந்தாள்’ என்பது பாராட்டு. ‘தளுக்கிக் குலுக்கி நடந்தாள்’ என்பதில்தான் மூலத்தின் இகழ்ச்சி கேட்கிறது.

6. நெருங்கிய சொற்களை வேறுபடுத்தல்

ஒருபொருட் பன்மொழி போலத் தோன்றும் ஆங்கில நடைவினைகள் சில வகைகளாக இங்குத் தொகுக்கப்படுகின்றன.

அ) நிதான நடை: ஆம்பிள், ஸ்ட்ரோல், சாண்டர் ஆகிய மூன்றையும் ‘மெல்ல நட’ என்று பெயர்ப்பது போதாது. ‘ஆம்பிள்’ விரைவின்மையை மட்டும் குறிக்கிறது. ‘ஆர அமர நடந்தார்’ எனலாம். ‘ஸ்ட்ரோல்’ இன்பநோக்கத்தைக் குறிக்கிறது. ‘உலாவினார்’, ‘காலாற நடந்தார்’ என்பன பொருந்தும். ‘சாண்டர்’ என்பதில் பிறரைப் பொருட்படுத்தாமை உண்டு. தாமதமாக வகுப்புக்கு வரும் மாணவன் அவ்வாறு வந்தான் எனின், ‘எதுவும் நடவாததுபோல் ஆடி அசைந்து வந்தான்’ என்பதே பொருத்தம்.

ஆ) களைப்பு நடை: ‘ட்ரட்ஜ்’ உடற்சோர்வையும் மனச்சோர்வையும் குறிக்கிறது, ‘கால்கள் துவள நடந்தார்’ எனலாம். ‘பிளாட்’ மெதுவாயினும் விடாத நடை. அதில் ஒருவகை மதிப்பும் உண்டு. ‘அடிமேல் அடிவைத்து விடாது நடந்தார்’ எனலாம். ‘ட்ரெய்ப்ஸ்’ வேண்டாத அலைச்சல். ‘லொங்குலொங்கென்று அலைந்தார்’ என்பது நெருங்கிவரும்.

இ) குறையுற்ற நடை: ‘லிம்ப்’ ஒருகாலில் வலியோ குறையோ உள்ளவர் நடை, ‘தாங்கித் தாங்கி நடத்தல்’, ‘விந்தி நடத்தல்’ என்பன அதற்கு நிகர். ‘ஹாபிள்’ இருகாலும் இயலாமையால் குற்றடியாக இடறி நடத்தல். ‘ஷஃபிள்’ பாதத்தைத் தூக்காமல் தேய்த்து நடத்தல்.

ஈ) நிலையற்ற நடை: ‘டாடில்’ குழந்தையின் நடை. பெரியாழ்வார் திருமொழியில் ‘தளர்நடைப் பருவம்’ என ஒரு பதிகமே இதற்கு அமைந்துள்ளமையால் ‘தளர்நடை’ இயல்பான நிகரனாகிறது. ‘டாட்டர்’ முதுமையால் அல்லது நலிவால் விழுவதுபோல் நடத்தல். ‘ஸ்டாகர்’ மது, அடி, அதிர்ச்சி ஆகியவற்றால் தள்ளாடுதல். பின்னிரண்டுக்கும் ‘தள்ளாடு’ பொதுவாதலின் காரணத்தைத் தொடரில் காட்டவேண்டும்.

உ) மறைவு நடை: ‘டிப்டோ’ நுனிக்காலில் நடத்தல், உறங்குவோரை எழுப்பாத அக்கறையும் அதன் காரணமாகலாம். ‘ஸ்னீக்’ குற்றநோக்குடைய பதுங்கல். ‘ஸ்லிங்க்’ வெட்கத்தால் அல்லது அச்சத்தால் நழுவிச் செல்லல். மூன்றையும் ‘பூனைபோல் நடந்தார்’ என்று அடக்கினால் அக்கறையும் குற்றமும் வெட்கமும் ஒன்றாகிவிடும்.

7. தொடர்களாக வந்தவை

நடைச்சொல் அடியாகப் பிறந்த ஆங்கிலத் தொடர்கள் சில தமிழில் முழுமையாக வேரூன்றிவிட்டன. அவையிலிருந்து எதிர்ப்புத் தெரிவித்து வெளியேறுதலைக் குறிக்கும் ‘வாக்அவுட்’ என்பதன் பெயர்ப்பான ‘வெளிநடப்பு’, இன்று சட்டமன்றச் செய்திகளின் இயல்பான தமிழ்ச்சொல். கப்பல் முதலியவற்றில் அமைந்த ஒடுங்கிய நடைபாதையைக் குறித்த ‘கேட்வாக்’ ஆடை அலங்கார மேடைக்கு ஆகி, தமிழில் ‘பூனைநடை’ எனப் பெயர்க்கப்பட்டது. இதற்கு மாறாக, இறுகக் கட்டிய கயிற்றின்மேல் நடப்பதாக ஆங்கிலம் கூறும் இக்கட்டு நிலைக்குத் தமிழில் ‘கத்திமேல் நடப்பது’ என்னும் வழக்கு உள்ளது. அத்தகைய இடங்களில் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது வேண்டாதது.

நடப்பவரைக் குறிக்கும் ‘பெடெஸ்ட்ரியன்’ ஆங்கிலத்தில் பெயரடையாகும்போது ‘சுவையற்ற’, ‘சாதாரணமான’ என்று பொருள்படும். கவிதையைப் பறத்தலாகவும் உரையைத் தரையில் நடத்தலாகவும் கருதிய கிரேக்க, இலத்தீன் மரபின் தொடர்ச்சி இது. தமிழ் ‘உரைநடை’ என்னும் சொல்லிலும் நடத்தலே உள்ளது. ஆயினும் அதில் தாழ்வுக்குறிப்பு இல்லை.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் கருத்துகள் வருமாறு:

1. ஆங்கிலம் பாங்கை வினையடியில் வைக்கிறது. தமிழ் அதனை வினையெச்சம், அடுக்கு, இரட்டைக்கிளவி, தொகைச்சொல் ஆகியவற்றில் வைக்கிறது. வினையடிகளை மட்டும் எண்ணித் தமிழில் வளமில்லை என்று கூறுவது பொருந்தாது.

2. செல்திசையைத் தமிழ் முதன்மை வினையில் கூறுவதால், நடை பற்றிய ஆங்கிலத் தொடரைத் தமிழாக்கும்போது வருதல், போதல் என்னும் நோக்குநிலைத் தேர்வு இன்றியமையாததாகிறது.

3. உடலசைவு ஒத்திருப்பதால் மட்டும் ஒரு தமிழ்ச்சொல் நிகரனாகாது. பீடுநடை, அன்னநடை, பிடிநடை போன்ற மரபுச்சொற்கள் போற்றுதற் குறிப்புடையன. ஏளனக் குறிப்புடைய ஆங்கில வினைகளுக்கு அவை பொருந்தா.

4. மூலத்தின் ஒவ்வொரு பாங்கு வினையையும் தமிழில் விரித்தால் தொடர் சுமையேறும். பாத்திரத்தின் இயல்பையோ காட்சியின் உணர்வையோ பாங்கு தாங்கும் இடங்களில் அதனை விரித்தும், வெறும் இடப்பெயர்ச்சியைக் குறிக்கும் இடங்களில் விடுத்தும் பெயர்ப்பதே தமிழின் இயல்புக்கு ஏற்றது.

5. ஆங்கிலம்–தமிழ் அகராதிகள் நடைவினைகளுக்கு ஒற்றைச்சொல் நிகரனோடு நில்லாமல், யார் நடப்பது, ஏன் அவ்வாறு நடப்பது, காண்போர் அதை எவ்வாறு மதிப்பது என்னும் மூன்றையும் எடுத்துக்காட்டுத் தொடர்களால் உணர்த்துதல் வேண்டும். மாணவர்க்கும் மொழிபெயர்ப்போர்க்கும் பெரிதும் தேவைப்படுவது அத்தகைய விளக்கமே ஆகும்.